டிராவான ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது?

எல்லோருக்கும் வணக்கம்.

செஸ் பற்றி மேடையில் பேச வருகிறவர்கள் வழக்கமாக, ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மூன்றாவது நகர்த்தலில் மேட் செய்த ஆட்டம் ஒன்றைக் கொண்டுவருவார்கள். கைதட்டலுக்குக் குறைவிருக்காது. நான் இன்றைக்குக் கொண்டுவந்திருப்பதெல்லாம் டிராவில் முடிந்த ஆட்டங்கள். அதிலும் சத்தமே போடாத டிராக்கள். இந்தத் தலைப்பைப் பார்த்த பிறகும் இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் உங்களுக்குப் பொறுமை நிறைய இருக்கிறது என்று அர்த்தம். அதை நம்பித்தான் ஆரம்பிக்கிறேன்.

1953ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்து. உலக சாம்பியனை எதிர்த்து ஆடப்போவது யார் என்று முடிவு செய்கிற கேண்டிடேட்ஸ் போட்டி. 15 பேர் ஆடினார்கள். அதில் ஒரு ஆட்டத்தில் வெள்ளைக் காய்களோடு அமெரிக்காவின் சாமுவேல் ரெஷெவ்ஸ்கி, எதிரில் கருப்புக் காய்களோடு சோவியத் நாட்டின் டிக்ரான் பெட்ரோசியன். பெட்ரோசியனுக்கு அப்போது 24 வயது. அவர் உலக சாம்பியனாக இன்னும் பத்து வருடம் இருந்தது.

25ஆவது நகர்த்தல் வரும்போது நிலைமை இதுதான். ரெஷெவ்ஸ்கியின் இரண்டு சிப்பாய்கள் டி4, ஈ5 கட்டங்களில் நடுப்பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவருடைய இரண்டு பிஷப்களும் பின்னாலிருந்து காத்துக்கொண்டிருக்கின்றன. ஈ5 சிப்பாய் ஒரு கட்டம் முன்னேறினால் போதும், எல்லாக் காய்களுக்கும் வழி திறந்துவிடும். பெட்ரோசியனின் காய்களுக்கோ அதைத் தடுத்து நிற்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. உட்கார்ந்து அடி வாங்க வேண்டிய நிலைமை.

பலகையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். கருப்பின் குதிரை டி5 கட்டத்துக்கு வந்துவிட்டால் அதை அங்கிருந்து விரட்ட வெள்ளையிடம் சிப்பாய் இல்லை. அந்த ஒரு குதிரை வெள்ளையின் நடுப்பலகையை முழுக்க மரத்துப்போகச் செய்துவிடும். ஆனால் குதிரை நிற்பது சி6-இல். அங்கிருந்து டி5-க்கு வர ஈ7 வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஈ7-இல் யார் நிற்கிறார்கள்? பெட்ரோசியனின் சொந்த யானை! யானையை வேறு எங்காவது நகர்த்தினால் வெள்ளைச் சிப்பாய் ஈ6-க்கு வந்துவிடும், கதை முடிந்தது.

பெட்ரோசியன் யானையை ஈ6-இல் வைத்தார். எதிராளியின் பிஷப் வாய்க்குள் கொண்டுபோய் வைத்தார் என்றே சொல்லலாம். யானைக்கு ஐந்து மதிப்பு, பிஷப்புக்கு மூன்று என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறோம். அந்தக் கணக்கில் பார்த்தால் சுத்த நஷ்டம். ஆனால் யானை நகர்ந்ததும் ஈ7 காலியாகிவிட்டது, குதிரைக்கு வழி கிடைத்துவிட்டது. பிஷப் யானையை வெட்டினால் கருப்பின் சிப்பாய் திருப்பி வெட்டி ஈ6-இல் வந்து நிற்கும். அது ஒரே நேரத்தில் வெள்ளைச் சிப்பாயின் வழியையும் அடைக்கும், டி5-இல் வரப்போகும் குதிரைக்கும் துணையாக நிற்கும்.

ரெஷெவ்ஸ்கி லேசுப்பட்டவர் இல்லை. உடனே வெட்டிவிடவில்லை, ஒரு நகர்த்தல் பொறுத்துத்தான் வெட்டினார். குதிரை டி5-க்கு வந்து உட்கார்ந்தது. அப்புறம் ரெஷெவ்ஸ்கி செய்ததுதான் இன்னும் அழகு. ஜெயிக்க வழியில்லை, அவசரப்பட்டால் தோற்கவும் வாய்ப்பு இருக்கிறது என்று கண்டுகொண்டு, 30ஆவது நகர்த்தலில் தன் யானையை ஒரு பிஷப்புக்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 41ஆவது நகர்த்தலில் டிரா.

ஆட்டத்தில் நடந்தது இவ்வளவுதான். மேட் இல்லை, ராஜாவைத் துரத்தவில்லை. ஆனால் செஸ் சொல்லித்தருகிறவர்கள் எழுபது வருடமாக இந்த யானை நகர்த்தலைப் பலகையில் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நகர்த்தல் எதையும் தாக்கவில்லை. வெள்ளை செய்ய நினைத்த ஒன்றைச் செய்யவிடாமல் தடுத்தது. நான் இன்றைக்குச் சொல்ல வந்ததும் அதுதான். டிராவான ஆட்டத்தை ரசிக்க வேண்டுமென்றால், பலகையில் நடக்காமல் போனது என்ன என்று தேடப் பழக வேண்டும்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. யாராவது ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுகிறார், ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்குகிறார். பார்க்கிற நமக்குக் கொட்டாவி வருகிறது. அந்த இடத்தில் நிறுத்தி, இதை இவர் ஆடாமல் இருந்திருந்தால் எதிராளி என்ன ஆடியிருப்பார் என்று கேளுங்கள். சாதாரண ஆட்டத்தில் பெரும்பாலும் பதில் வராது, ஏனென்றால் அது சும்மா ஆடிய நகர்த்தல். பலமான இருவர் ஆடும் ஆட்டத்தில் அநேகமாக ஒவ்வொரு முறையும் பதில் வரும். எதிராளி மூன்று நகர்த்தல் கழித்து யானையை அந்தப் பக்கம் கொண்டுவரப் பார்த்திருப்பார், இவர் அதை இப்போதே அடைத்துவிட்டார். உடனே எதிராளி வேறு திட்டம் போடுவார், அதையும் இவர் முளையிலேயே கிள்ளுவார். எதிராளியும் இவருக்கு அதையேதான் செய்துகொண்டிருப்பார். கடைசியில் இரண்டு பேருடைய திட்டமும் பலகைக்கே வராமல் போய்விடும். கைகுலுக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். நாம் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு போவோம்.

வருமுன் காக்கிற இந்த ஆட்டத்தை ஒரு கொள்கையாகவே வகுத்துச் சொன்னவர் ஆரோன் நிம்ஸோவிட்ச். அதைக் கொடூரமான அளவுக்குத் தேர்ந்து ஆடியவர் அனத்தோலி கார்ப்போவ். அவர் ஜெயித்த ஆட்டங்களிலேயே பலவற்றில், எதிராளி எங்கே தப்பு செய்தார் என்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது. மூச்சுவிட இடமில்லாமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த கேள்வி. பலமானவர்கள் ஆடினால் ஏன் இவ்வளவு டிரா வருகிறது? பயந்து ஆடுகிறார்கள் என்பது பாதி உண்மைகூடக் கிடையாது. செஸ்ஸின் விதிகளே டிராவுக்குப் பெரிய இடம் விட்டுவைத்திருக்கின்றன. ஒரு சிப்பாய் அதிகம் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உண்மை வேறு. இரண்டு குதிரைகள் முழுசாக மிச்சமிருந்தாலும் தனி ராஜாவை வற்புறுத்தி மேட் செய்ய முடியாது. ஒருவரிடம் வெள்ளைக் கட்டத்து பிஷப், இன்னொருவரிடம் கருப்புக் கட்டத்து பிஷப் என்று மிஞ்சினால், இரண்டு சிப்பாய் அதிகம் இருந்தும் ஜெயிக்க முடியாத நிலைகள் ஏராளம். ஓரச் சிப்பாய் ஒன்றும் பிஷப் ஒன்றும் வைத்திருக்கிறீர்கள், ஆனால் சிப்பாய் ராணியாக வேண்டிய மூலைக் கட்டம் உங்கள் பிஷப்பின் நிறம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் தனி ராஜா அந்த மூலைக்கு வந்து உட்கார்ந்துவிட்டால் போதும், உங்களால் அவரை அசைக்க முடியாது. நெருக்கிப் பிடித்தால் ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லாமலே நகர வழியில்லாத நிலை, அதுவும் டிராதான்.

இதிலெல்லாம் எனக்கு ரொம்பப் பிடித்தது பிலிடோர் நிலை. பிரெஞ்சுக்காரர் பிலிடோர் 1777லேயே சொல்லிவைத்தது. உங்களிடம் ராஜாவும் ஒரு யானையும் மட்டும்தான். எதிராளியிடம் ராஜா, யானை, கூட ஒரு சிப்பாய். தோற்றுப்போவீர்கள் போலத்தான் இருக்கும். ஆனால் உங்கள் ராஜா அந்தச் சிப்பாயின் வழியில் நிற்கிறது. உங்கள் யானையை உங்கள் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் வைத்துக்கொண்டு, இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டே இருங்கள். எதிராளியின் ராஜாவால் அந்த வரிசையைத் தாண்டி முன்னே வர முடியாது. வேறு வழியில்லாமல் அவர் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளுவார். தள்ளிய அடுத்த நொடி உங்கள் யானையைப் பலகையின் மறுகோடிக்குக் கொண்டுபோய், பின்னாலிருந்து செக் கொடுக்க ஆரம்பியுங்கள். சிப்பாய் முன்னே போய்விட்டதால், ராஜா அதன் மறைவில் ஒளிய முடியாது. செக், செக், செக். டிரா. இதைத் தெரிந்த ஒருவரை இந்த நிலையில் தோற்கடிக்கவே முடியாது. கிராண்ட்மாஸ்டர்கள் எல்லோருக்கும் இது தெரியும், அதனால் அவர்கள் அங்கே போகும் முன்பே கைகுலுக்கிவிடுகிறார்கள். இந்த யானை விளையாட்டு நம் கண்ணுக்கு வருவதே இல்லை. நமக்குத் தெரிவது, பலகையில் இன்னும் காய்கள் இருக்கும்போதே இரண்டு பேரும் எழுந்து போவதுதான்.

சரி, டிரா என்பது சமாதானம் மட்டும்தானா? இங்கேதான் மாஸ்கோவுக்குப் போக வேண்டியிருக்கிறது.

1984 செப்டம்பரில் அப்போதைய உலக சாம்பியன் கார்ப்போவுக்கும் கேரி காஸ்பரோவுக்கும் உலக சாம்பியன் போட்டி. முதலில் ஆறு ஆட்டம் ஜெயிப்பவருக்குப் பட்டம், டிராக்கள் கணக்கில் சேராது. முதல் ஒன்பது ஆட்டங்களில் கார்ப்போவ் நான்கு வெற்றி. காஸ்பரோவ் பூஜ்யம். 21 வயதுப் பையன், அடித்து ஆடியே பழக்கப்பட்டவர், எல்லோரும் கதை முடிந்தது என்றார்கள்.

அதற்கப்புறம் 17 ஆட்டம் தொடர்ச்சியாக டிரா. பத்திரிகைக்காரர்களுக்கு எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வாரங்களில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். காஸ்பரோவ் அடிப்பதை நிறுத்திக்கொண்டு, தோற்காமல் இருப்பது எப்படி என்று கார்ப்போவிடமே கற்றுக்கொண்டிருந்தார். உலகத்திலேயே சிறந்த வாத்தியார், கட்டணம் கிடையாது, தினமும் வகுப்பு! 27ஆவது ஆட்டத்தில் கார்ப்போவ் ஐந்தாவது வெற்றியைப் பெற்றார். இன்னும் ஒன்றே ஒன்று வேண்டும். அந்த ஒன்று அவருக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை. காஸ்பரோவ் 32ஆவது ஆட்டத்தை ஜெயித்தார். மறுபடி டிரா, டிரா, டிரா. அப்புறம் 47, 48 இரண்டையும் ஜெயித்தார். 1985 பிப்ரவரி 15 அன்று சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர் காம்போமானெஸ் போட்டியை யாருக்கும் வெற்றி என்று சொல்லாமலே நிறுத்திவிட்டார். மொத்தம் 48 ஆட்டம், 40 டிரா. அதே ஆண்டு நடந்த புதுப் போட்டியில் காஸ்பரோவ் சாம்பியன். என்னைக் கேட்டால், அவர் பட்டத்தை ஜெயித்தது முந்தைய வருடத்து அந்த 17 டிராக்களில்தான் என்பேன்.

அதே காஸ்பரோவுக்கு 2000ஆம் ஆண்டு லண்டனில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் அதே மருந்து திருப்பிக் கொடுக்கப்பட்டது. விளாடிமிர் கிராம்னிக் கருப்பில் ஆடிய நான்கு ஆட்டங்களில் பெர்லின் தடுப்பு என்ற ஆரம்ப முறையைக் கையில் எடுத்தார். எட்டாவது நகர்த்தலிலேயே இரண்டு ராணிகளும் பலகையை விட்டுப் போய்விடும். கருப்பு ராஜாவால் காஸ்லிங் செய்து பாதுகாப்பாக ஒதுங்க முடியாது, பார்க்க அசிங்கமான நிலை. ஆனால் காஸ்பரோவின் பலமே ராணியை வைத்து ராஜாவைத் துரத்துவதில் இருந்தது. அந்த ராணியை எடுத்துவிட்டால்? அந்தப் போட்டியில் காஸ்பரோவால் ஒரு ஆட்டத்தைக்கூட ஜெயிக்க முடியவில்லை. கிராம்னிக் இரண்டு வெற்றி, 13 டிரா, பட்டம் கைமாறியது. பெர்லின் சுவர் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

ஆகவே டிரா ஒரு ஆயுதமாகவும் இருக்கலாம். ஒரு ஆட்டத்தின் முடிவை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அது தெரியாது.

இந்த இடத்தில் நீங்கள் ஒரு ஆட்சேபம் சொல்லலாம். எல்லா டிராவுக்கும் இப்படி ஒரு கதை உண்டா? இல்லை. போலி டிராக்கள் இருக்கின்றன, நிறையவே இருக்கின்றன. அதே பெர்லின் தடுப்பில் ஒரு கிளை இருக்கிறது. 14 நகர்த்தல்தான். வெள்ளை ராணி ஈ4-இல் செக் கொடுக்கும், கருப்பு ராணி ஈ6-இல் வந்து மறிக்கும், வெள்ளை ராணி டி4-க்குத் திரும்பும், கருப்பு ராணி டி6-க்குத் திரும்பும். மறுபடி ஈ4, மறுபடி ஈ6. ஒரே நிலை மூன்று தடவை வந்தால் டிரா கேட்கலாம் என்பது விதி. பத்து நிமிடத்தில் இரண்டு பேரும் அறைக்குப் போய்விடலாம். இதை ஆட்டம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நான் புகழ்ந்து தள்ளிய பெட்ரோசியனையும் இதில் விட்டுவிட முடியாது. 1962இல் குராசாவ் தீவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் பெட்ரோசியன், கெரெஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டமும் டிரா. பல ஆட்டங்கள் சூடு பிடிக்கும் முன்பே முடிந்தன. அதே போட்டியில் ஆடிய அமெரிக்கர் பாபி ஃபிஷர் கொதித்துப்போய், சோவியத் ஆட்டக்காரர்கள் பேசிவைத்து ஆடுகிறார்கள் என்று வெளிப்படையாக எழுதினார். அதன் பிறகு கேண்டிடேட்ஸை நேருக்கு நேர் மோதும் முறைக்கு ஃபிடே மாற்றியது. ஆக, 1953இல் யானையைக் கொடுத்து டிரா வாங்கிய அதே மனிதர் ஒன்பது வருடம் கழித்து ஒன்றுமே கொடுக்காமலும் டிரா வாங்கினார். இரண்டுக்கும் பதிவேட்டில் விழுவது அதே அரைப் புள்ளிதான். வித்தியாசத்தை நகர்த்தல்களில் போய்த்தான் தேட வேண்டும்.

இதைத் தடுக்க என்னென்னவோ செய்து பார்த்தார்கள். 2005இல் சோபியாவில் நடந்த போட்டியில், ஆட்டக்காரர்கள் தாங்களே பேசி டிரா செய்யக்கூடாது, நடுவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விதி வந்தது. சோபியா விதி என்றே அதைச் சொல்கிறார்கள். 2008இல் பில்பாவோவில் கால்பந்து மாதிரி வெற்றிக்கு மூன்று புள்ளி, டிராவுக்கு ஒன்று என்று வைத்தார்கள். நார்வே செஸ்ஸில் டிரா ஆனால் உடனே ஆர்மகெடான் என்ற குறுகிய ஆட்டம் ஆட வேண்டும், அதில் டிரா ஆனால் கருப்புக்கே வெற்றி. இதெல்லாம் சோம்பேறி டிராவைக் குறைக்கும், நல்லதுதான். உண்மையான டிராவை எந்த விதியாலும் ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். செஸ் டிராவிலேயே செத்துப்போகும் என்று 1920களிலேயே, உலக சாம்பியனாக இருந்த காபாபிளாங்கா கவலைப்பட்டு, பலகையைப் பெரிதாக்கிப் புதுக் காய்கள் இரண்டைச் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னார். நூறு வருடம் ஆகப்போகிறது, செஸ் நன்றாகத்தான் இருக்கிறது.

இனி லண்டன், 2018. மேக்னஸ் கார்ல்சனும் ஃபேபியானோ கருவானாவும் ஆடிய உலக சாம்பியன் போட்டி. 12 ஆட்டம், 12 டிரா. உலக சாம்பியன் போட்டி ஒன்றில் வழக்கமான நேர ஆட்டங்கள் அத்தனையும் டிராவானது அதுதான் முதல் தடவை. கேலி செய்யாதவர்கள் இல்லை. முதல் ஆட்டம் மட்டும் 115 நகர்த்தல், ஏழு மணி நேரம் என்பதைக் கேலி செய்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

அதில் ஆறாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கார்ல்சன் வெள்ளை. ஆரம்பம் பெட்ரோஃப் தடுப்பு, டிராவுக்குப் பேர்போனது. அரங்கத்தில் பாதிப் பேர் சலித்துப்போயிருப்பார்கள். மெல்ல மெல்லக் கருவானா கை ஓங்குகிறது. கார்ல்சன் தன் காய் ஒன்றைச் சிப்பாய்களுக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, சுற்றி ஒரு கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். 68ஆவது நகர்த்தலில் பெரிய கணினி ஒன்று, கருப்பு இப்போது ஜெயிக்கலாம் என்று சொன்னது. எப்படி? பிஷப்பை எச்4-க்குக் கொண்டுபோக வேண்டும். அப்புறம் குதிரையை ஜி1-க்கு, அதாவது எதிராளியின் கடைசி வரிசையில், தானே சிக்கிக்கொள்ளும்படியான ஒரு கட்டத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அங்கிருந்துகொண்டு அது வெள்ளை பிஷப்பின் வழிகளை அடைக்கும். வெற்றி அதற்கும் வெகுதூரம் தள்ளி இருக்கிறது. குதிரையை நடுவில் வை, ஓரத்தில் வைக்காதே என்று சின்ன வயதிலிருந்து கற்ற எந்த மனிதனின் கையும் அந்தக் கட்டத்துக்குப் போகாது. கருவானா பார்க்கவில்லை. 80ஆவது நகர்த்தலில் டிரா.

கணினி வைத்துப் பார்த்தவர்கள் உடனே, கருவானா வெற்றியைக் கோட்டைவிட்டார் என்றார்கள். அதைப் போல அநியாயமான வாக்கியம் இருக்க முடியாது. பலகையில் உட்கார்ந்திருந்த இருவரில் ஒருவர் கிட்டத்தட்ட உடையாத ஒரு கோட்டையைக் கட்டினார், இன்னொருவர் மனிதனால் முடிந்த அத்தனை கல்லையும் பிடுங்கிப் பார்த்தார்.

அதே போட்டியின் 12ஆவது ஆட்டத்தில் வேறு வகை டிரா. கார்ல்சனுக்கு நல்ல நிலை, கருவானாவிடம் நேரம் குறைவு. 31ஆவது நகர்த்தலில் கார்ல்சனே டிரா கேட்டார். காஸ்பரோவ் உட்படப் பலரும் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அவருக்கு ஒரு கணக்கு இருந்தது: புள்ளிகள் சமமானால் வெற்றியை முடிவு செய்யும் டை-பிரேக்கில் வேக ஆட்டம், அதில் தன்னை வெல்வது கஷ்டம். இரண்டு நாள் கழித்து மூன்று வேக ஆட்டங்களையும் அவரே ஜெயித்தார். ஆட்டமாகப் பார்த்தால் அந்த டிரா எனக்குப் பிடிக்காது. முடிவாகப் பார்த்தால் தப்புச் சொல்லவும் முடியாது.

கடைசியாக ஒன்று. டிரா தானாக வந்து விழும் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. 2024 டிசம்பர், சிங்கப்பூர். குகேஷும் டிங் லிரெனும் ஆடிய உலக சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம். அதுவரை ஆளுக்கு ஆறரைப் புள்ளி. நடுவில் தொடர்ந்து ஏழு டிரா போயிருந்தது. இந்த ஆட்டமும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப், குகேஷிடம் ஒரு சிப்பாய் மட்டும் அதிகம். டிரா என்று எல்லோரும் முடிவு கட்டியாகிவிட்டது. குகேஷ் மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தார். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் நின்றுகொண்டிருந்தது. 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து, யானைகளை மாற்றிக்கொள்ளலாம் என்றார். காய்கள் குறைந்தால் டிரா சீக்கிரம் வரும் என்ற நினைப்பு. யானைகள் போயின. அடுத்து குகேஷ் பிஷப்பை டி5-இல் வைத்தார். மூலையில் இருந்த பிஷப்புக்கு ஓட வழியில்லை, மாற்றியே ஆக வேண்டும். மாற்றினால் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும், அதில் அந்த ஒரு சிப்பாய் அதிகம் என்பது போதும். 58ஆவது நகர்த்தலில் டிங் ஆட்டத்தை ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

54 நகர்த்தல் வரைக்கும் அது ஒரு சாதுவான டிரா. அந்த ஒரு நகர்த்தல் வராமல் இருந்திருந்தால், மறுநாள் நாமே சலிப்பான ஆட்டம் என்று பேசியிருப்போம். டிங் அதுவரை மணிக்கணக்காக அந்த மாதிரி ஒவ்வொரு குழியையும் தாண்டி வந்துகொண்டிருந்தார் என்பது நமக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது.

வீட்டில் பலகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ரெஷெவ்ஸ்கி–பெட்ரோசியன் 1953, கார்ல்சன்–கருவானா 2018 ஆறாவது ஆட்டம், இரண்டின் நகர்த்தல்களும் சுலபமாகக் கிடைக்கும். முதல் தடவை கணினியைத் திறக்காதீர்கள். கையால் காய்களை நகர்த்தி, புரியாத ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, எதிராளி என்ன நினைத்திருப்பார் என்று நீங்களே ஒரு பதில் எழுதிவையுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் கணினியைத் திறந்து சரிபாருங்கள். இரண்டாவது ஆட்டத்துக்கு ஒரு மாலைப்பொழுது முழுசாக வேண்டியிருக்கும், 80 நகர்த்தல், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.